வாங்கிப் போகாத பற்கள்

எங்களுக்கு முதலில் வாய்த்த ரசிகர்களுக்குப்
பல் மட்டும்தான் இருந்தது.

இஸ்மேனியாவின் அப்பா பல்செட் செய்கிறவர்.
வால்பராய்சோவில், பரோன் குன்றின் பாதி ஏற்றத்தில்,
தகரம் அடித்த மஞ்சள் வீட்டின் கீழ்த்தளம் அவர் பட்டறை.
சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்க
ஊராரின் வாய்கள், வெள்ளைச் சுண்ணத்தில்.
ஏழு மணிக்கு அவர் விளக்கணைத்துப் போனதும்
நாங்கள் நாலு பேர் விளக்கைப் போடுவோம்.
குழுவுக்கு ஞானப்பல் என்று பெயர்.
யாருக்கும் இன்னும் முளைக்கவில்லை.

ராயென் பாடுவாள். பகலில் மருந்துக்கடை.
பால்தசார் டிரம்ஸ்; பெடலை மிதிக்கிற காலில் மட்டும்
ஷூவைக் கழற்றிவிடுவான்,
சாக்ஸில் ஓட்டை எங்கே என்று மூவருக்கும் தெரியும்.
இஸ்மேனியா கிட்டார்.
நான் பேஸ். எனக்கு நாலு கம்பி போதும் என்று
அவர்களாகவே முடிவு செய்தார்கள்.

பாட்டுக்கு மூன்று நிமிடம்.
அதைப் பிடிக்க ஒரு மாதம்.
ஒருமுறை படிக்கட்டில் நாய் குரைத்தது.
ஒருமுறை கேஸ் வண்டிக்காரன்
சிலிண்டரைத் தட்டிக்கொண்டே போனான்.
அவன் தாளம் பால்தசாரைவிடச் சுத்தம் என்று
நான் சொல்லப்போய், இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள் ரொட்டியும் அவகாடோவும் வந்தது,
எனக்குப் பெரிய துண்டு.
மன்னிப்புக் கேட்டது யார் என்பது
இன்றுவரை தீராத வழக்கு.

பதினெட்டாவது முறை.
இரண்டாம் சரணம்.
பால்தசார் தொடாமலே ஸ்னேர் பேசியது.
அதன் அடிவயிற்றுக் கம்பிகள் மெல்ல,
யாரோ அடுத்த அறையில் அரிசி களைவதுபோல.
இந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை:
நிலம் தோளைக் குலுக்கப்போவது
அந்த மேளத்துக்குத்தான் முதலில் கேட்கும்.

அப்புறம் பலகைகள்.
முந்நூறு வாய்களும் ஒரே நேரத்தில்
தந்தியடிக்கத் தொடங்கின.

பல்பு ஊஞ்சலாடியது.
ராயென் மைக்கோடு வாசல் நிலைக்குக் கீழே போய் நின்றாள்,
பாட்டை விடவில்லை. ஒரு சொல் மட்டும்
அவள் வாயில் நடுவே விண்டது.
இஸ்மேனியா இடக்கையால் ரெக்கார்டரைத் தாங்கிக்கொண்டு
வலக்கையால் வெறும் கம்பிகளை வருடினாள்.
நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல்
ஒரு தப்பான சுரத்தில் நின்றேன்.
நின்றேன்.
அதை விட்டால் வீடு போய்விடும் போலிருந்தது.
பால்தசார்தான் தாளம் தப்பவில்லை.
(இதை அவனிடம் நான் சொல்லவில்லை.)

பதினொரு நொடி.
நின்ற பிறகும் யாரும் தெருவுக்கு ஓடவில்லை,
பல்லவி இன்னும் ஒருமுறை பாக்கி இருந்தது.

அந்தப் பதிவையே வைத்துக்கொண்டோம்.
மூன்றுக்கு ஒன்று என்று வாக்கு விழுந்தது;
எதிர்த்தவன் பால்தசார். தன் தாளம்
யாருக்கும் கேட்கவில்லையாம்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு மதுக்கடை, முதல் மேடை.
ஒன்பது பேர். இருவர் பில்லுக்காகக் காத்திருந்தவர்கள்.
இரண்டாம் சரணம் வந்தது. நிலம் வரவில்லை.
அந்த இடத்தில் என்ன செய்வதென்று
நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவே இல்லை.
இஸ்மேனியா குனிந்து, ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து
ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள்.
குலுக்கினாள்.
என் தப்பான சுரத்தைத் தேடினேன்.
வேண்டும்போது அது சுலபமாகக் கிடைப்பதில்லை.

முடிந்ததும் ஒரு பெண் வந்து கேட்டாள்,
அது என்ன வாத்தியம் என்று.
இஸ்மேனியா மூடியைத் திறந்து காட்டினாள்.
யாருடையவை?
தெரியாது. அளவு கொடுத்துவிட்டு
வாங்கிப் போக வராதவர்கள்.

அந்தப் பெண் ஒரு கடைவாயை எடுத்து
விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்தாள்.
அடுத்த வாரமும் உண்டா என்றாள்.
நாங்கள் பால்தசாரைப் பார்த்தோம்.
அவன் மேஜைக்கடியில் தவழ்ந்து
இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான்.